அறுநூறு அடியில் நின்ற முள்

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கமா அக்கா. ஒரு லேபிளில் எழுநூறு எழுத்து இருந்தாலும், விட்டுப்போன ஒரு கமா அவள் கண்ணுக்கு மட்டும் தப்பாது. பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. லேபிளின் அமைப்பை எக்ஸ்.எம்.எல். என்ற முறையில் எழுதி வைப்பார்கள். எந்த வரி எங்கே, எந்தப் படம் எந்த மூலையில் என்று கோண அடைப்புக்குறிகளுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். திறந்த குறியை எல்லாம் மறக்காமல் மூட வேண்டும். அவள் மூடாமல் விட்ட குறி என்று ஒன்று கிடையாது. அந்தப் பெருமைதான் அவளைக் கொண்டுபோய் வம்பில் மாட்டிவிட்டது.

வம்பு வெளியில் எங்கும் இல்லை, வீட்டுக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கட்டிய கணவர்தான். தெருவில் எல்லோரும் கேப்டன் என்பார்கள், அவளும் கோபம் வந்தால் அப்படித்தான் சொல்வாள். கடந்த ஒன்பது வருஷமாக அவள் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்த நாட்கள் குறைவு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கேப்டன் ஒரு சிறிய தபால் விமானத்தை மழையில் இறக்கும்போது ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே தரையில் மோதிவிட்டார். விமானத்தில் அவரும் தபால் மூட்டைகளும்தான். மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப்டனுக்குக் கால் போய் வந்தது. வேலை போனது, வரவில்லை. விசாரணை அறிக்கையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி: "விமானி இறங்குமிடத்தின் காற்றழுத்தத்துக்கு ஏற்ப உயரமானியை மாற்றவில்லை, கவனக்குறைவு."

விஷயம் இவ்வளவுதான். விமானத்தின் உயரமானி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரம் சொல்லும். ஊருக்கு ஊர் அந்த அழுத்தம் மாறும். இறங்குவதற்கு முன் கட்டுப்பாட்டு அறை அந்த ஊர் எண்ணைச் சொல்லும். விமானி ஒரு குமிழைத் திருகி, முகப்பில் உள்ள சின்ன ஜன்னலில் அந்த எண்ணைக் கொண்டுவர வேண்டும். கிளம்பிய இடத்தில் ஆயிரத்துப் பதினைந்து, இறங்கும் இடத்தில் ஆயிரத்து நான்கு. பதினொரு புள்ளி இறக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய இருபத்தேழு அடி. திருகாமல் விட்டால், சக்கரம் தரையைத் தொடும்போதும் முள் முந்நூறு அடி என்று காட்டும்.

கேப்டன் சொன்னது வேறு. நான் திருகினேன், பதினொரு புள்ளியும் திருகினேன், உள்ளே பல்சக்கரம் நழுவி முள் நகரவில்லை, மோதும்போது அது அறுநூறில் நின்றது, என் கண்ணால் பார்த்தேன் என்றார். கருவி நசுங்கிப் போயிருந்ததால் பரிசோதிக்க வழியில்லை. சக்கரம் நழுவினாலும் முந்நூறுதானே காட்டும், அறுநூறு எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். அதிர்ச்சியில் தவறாக நினைவு வைத்திருக்கிறார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். மிச்ச முந்நூறு மழையிலும் காற்றிலும் வந்தது, காகிதக் கணக்குக்கு மழை தெரியாது என்பது கேப்டனின் பதில். அதை அவர் பதினொரு மனுவில் எழுதினார். சாப்பிடும்போது சொன்னார், துணி மடிக்கும்போது சொன்னார், எரிவாயு உருளை கொண்டுவந்தவரிடம்கூடச் சொன்னார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வீட்டிலே நீதிமன்றம் நடத்தினால் அதற்கு ஒரு குமாஸ்தா வேண்டுமே. அந்தப் பதவி அவளுக்குக் கிடைத்தது.

பன்னிரண்டாவது மனுவுக்குப் பதில் வந்தது. ஆறு வாரம் கழித்து வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வரலாம், காட்ட வேண்டிய ஆதாரத்தைக் காட்டலாம், இதுவே கடைசி. கேப்டன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு அவளைப் பார்த்தார். தன் தலையில் ஏதோ வேலை விழப்போகிறது என்று அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்தது.

அவர் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று வைத்திருந்தார். நிஜ விமானிகளும் பழகுகிற சரக்கு. அன்றைய மழை, காற்று, அழுத்தம் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிடலாம். ஆனால் அவருடைய பழைய விமானத்தின் கருவிப் பலகை அதில் இல்லை. கருவிகளை நாமே செய்து சேர்க்கலாம், எக்ஸ்.எம்.எல். தெரிந்தால் போதும் என்று எங்கோ படித்துவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொள்வது என்றால் இதுதான். "எனக்கு அது தெரியுமே" என்று அவள் வாய் முந்திக்கொண்டது.

கொழுந்தன் கடைப் பலகை செய்கிறவன். ஒட்டுப்பலகையில் ஆறு கருவிக்கு ஆறு வட்டம் வெட்டிக் கொண்டுவந்து பின்புற அறையில் திரைக்கு முன்னால் நிறுத்தினான். "அண்ணி, அண்ணனை இந்த அறைக்குள்ள உக்கார வெச்சு வெளியில பூட்டிடலாம், வீடு அமைதியா இருக்கும்" என்று யோசனையும் சொன்னான்.

காலை ஐந்திலிருந்து ஏழு வரை அவள் அந்த அறையில் உட்கார்ந்தாள். ஒரு கருவி என்றால் அடியில் ஒரு முகப்புப் படம், மேலே ஒரு முள் படம். முள் எந்தப் புள்ளியைச் சுற்ற வேண்டும், அது எந்த எண்ணைக் கேட்டு நகர வேண்டும், ஒவ்வொரு எண்ணுக்கும் முகப்பில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அட்டவணையாக எழுத வேண்டும். கணக்குகளை எழுதும் முறைதான் விசித்திரம். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால் இரண்டு, மூன்று, கூட்டு என்று எழுத வேண்டும். வினை கடைசியில் வருகிறது. கருவியாவது தமிழ் பேசுகிறதே என்று அவளுக்குச் சின்ன சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. லேபிளில் தப்பு இருந்தால் அச்சு இயந்திரம் நின்று கத்தும். இது கத்தாது. ஒரு சின்னப் பிசகு போதும், கருவி சத்தம் போடாமல் காணாமல் போய்விடும். அது இருந்த இடத்தில் கறுப்பு ஓட்டைதான் இருக்கும். என்ன தப்பு, எந்த வரி, ஒன்றும் சொல்லாது. பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆளோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கே அது பொறுக்கவில்லை. ஆயிரம் அடிக்கு ஒரு சுற்று சுற்றும் உயரமானி முள் ஒரு நாள் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு வரை ஒழுங்காக வந்தது. அடுத்து ஆயிரத்துக்கு ஒரு எட்டு முன்னால் வைக்க வேண்டியது, வந்த வழியே முகப்பு முழுவதும் பின்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தது. அதைச் சரிசெய்ய நான்கு காலை ஆனது. அலுவலகத்தில் இருமல் மருந்து லேபிளைப் பார்த்தபோதும் அவள் கண்ணுக்கு முள்தான் சுற்றியது.

ஒருவழியாக முள் அவர் சொன்னபடி ஆடியது. குமிழுக்குப் பதில் மவுஸ் சக்கரம். உருட்டினால் ஜன்னலில் எண் மாறும், முள் மட்டும் அசையாது. நழுவிய பல்சக்கரம் அப்படியே. கேப்டன் உட்கார்ந்தார். மழைக்குள் இறங்கினார். சொடுக்குச் சொடுக்காகப் பதினொரு தடவை, எண்ணைப் பார்க்காமலே உருட்டினார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. நல்ல விமானிக்கு விரலே கண் என்பார். விமானம் தரையில் மோதித் திரை உறைந்தது. முள் முந்நூறில் நின்றது.

"முள்ளு சரியில்லை" என்றார்.

அட்டவணையை மறுபடி எழுதினாள். முந்நூறு. முள்ளின் நடுப்புள்ளியை அளந்து திருத்தினாள். முந்நூறு. காற்றைக் கூட்டினார், மழையைக் கூட்டினார், விமானம் தள்ளாடியதே தவிர முள் முந்நூறைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பேச்சு, முள்ளு சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடுகிறவர் கேப்டன், கோணல் பட்டம் அவளுக்கு. ஐந்தாவது வாரம் அவள் விசைப்பலகையைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தாள். தரையில் எறிந்தால் உடையும் என்ற நிதானம் அப்போதும் இருந்தது.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நழுவும் வரிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, எந்தக் கோளாறும் இல்லாத சாதாரண உயரமானி ஒன்று எழுதி மாட்டினால், தரையில் மோதும்போது முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றால் முகப்பும் முள்ளும் சரி என்று அவர் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். காதில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, அலுவலகத்தில் கண் சொட்டு மருந்து லேபிளுக்கு வழி சொல்லியபடியே, இருபது நிமிஷத்தில் எழுதி மாட்டினாள். பேசி முடிப்பதற்குள் கேப்டன் வந்து உட்கார்ந்து கிளப்பிவிட்டார். இது வேறு கருவி என்று சொல்ல அவளுக்கு இடமே கொடுக்கவில்லை. மழை, மேகம், பதினொரு சொடுக்கு, மோதல்.

முள் அறுநூறில் நின்றது.

கேப்டன் திரையைத் தொட்டார். "இதுதான்" என்றார். "இங்கேதான் நின்னுது. இதே இடம்." அவள் கையைப் பிடித்து, நீ கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும் என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பூஜ்யம் காட்ட வேண்டிய முள் ஏன் அறுநூறு காட்டுகிறது என்ற கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டே அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

மதிய இடைவேளையில் அந்தக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். தப்பு ஒரே வார்த்தையில் இருந்தது. சக்கரத்தைக் கீழே உருட்டினால் எண் இறங்க வேண்டும். ஏறு என்று எழுதியிருந்தாள். மேலே உருட்டினால் இறங்கு. பதினெட்டு வருஷத்தில் கமா அக்கா விட்ட முதல் தப்பு. தலையில் அடித்துக்கொண்டு திருத்தப் போனவள் பாதியில் நிறுத்தினாள். கேப்டன் பதினொரு புள்ளி இறக்கியதாக நினைத்து ஏற்றியிருக்கிறார். ஆயிரத்துப் பதினைந்து, ஆயிரத்து இருபத்தாறு ஆகியிருக்கிறது. இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் இருபத்திரண்டு புள்ளி. இருபத்திரண்டை இருபத்தேழால் பெருக்கினாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

பல்சக்கரம் நழுவவில்லை. மழைக்கும் காற்றுக்கும் இதில் வேலையே இல்லை. அன்றைக்குக் கேப்டன் குமிழைத் திருகினார், பதினொரு புள்ளியும் திருகினார், எதிர்ப்பக்கம் திருகினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. இவ்வளவு எளிய கணக்கு ஒன்பது வருஷமாக அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாக் கதவையும் தட்டியவர், இந்த ஒரு கதவை மட்டும் திறந்து பார்க்கவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலுக்கு அடியில் பயமாக இருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தால் கேப்டன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்து மாட்டி வைத்திருந்தார். கொழுந்தனுக்குத் தொலைபேசியில் சொல்லி முடித்திருந்தார். அவனும் நம்பி வாழ்த்தியிருந்தான். பேசாமல் இருந்துவிடலாம். வியாழக்கிழமை அந்த அறுநூறைக் காட்டுவார், எவர் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கப் போகிறார்? அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தாள். விடிந்ததும் அவரிடம் அதை மறைக்க முடியாது என்று தெரிந்தது.

புதன்கிழமை காலை அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள். இன்னொரு முறை இறங்கச் சொன்னாள். மோதியது, அறுநூறு. கேப்டன் சிரித்தார்.

"அந்தச் சின்ன ஜன்னல்ல என்ன எண் இருக்கு, படிங்க."

"ஆயிரத்து நாலு."

"பார்த்துப் படிங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "ஆயிரத்து இருபத்தாறு" என்றார்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விமானிக்கு அவ்வளவு போதும். அது என் தப்பு, ஏறு இறங்கு மாறிப்போச்சு என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே பேசினார்.

"அன்னிக்குக் காலையில அதே ஊர்லேருந்துதான் கிளம்பி இங்கே வந்தேன், அப்போ பதினொண்ணு ஏத்தினேன். திரும்பும்போது இறக்கணும். கை காலையில செஞ்சதையே செஞ்சிருச்சு. நான் ஜன்னலைப் பார்க்கலை."

ஒன்பது வருஷமாக அவள் இந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். நான்தான் தப்பு என்று ஒரு நாள் சொல்வார், அன்றைக்கு நாம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இப்போது கேட்டதும் அந்த நிம்மதி வரவில்லை. அந்த வெள்ளைச் சட்டையைப் பார்க்கவே முடியவில்லை. மூடிய குறிகளால் வாழ்க்கை நடத்தியவள், வாய் கூசாமல் சொன்னாள்.

"நழுவற முள்ளையே அறுநூறு காட்டற மாதிரி நான் எழுதித் தரேன். அட்டவணையில ரெண்டு எண்ணை மாத்தினா போதும். முள்ளு நான் சொன்ன இடத்துல நிக்கும். யாருக்கும் தெரியாது."

"எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு நிமிஷம்."

கேப்டன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. "ரெண்டையும் எடுத்து வை" என்றார். அவள் நழுவும் முள்ளில் அறுநூறைப் பொய்யாக எழுதி, ஏறு இறங்கு மாறிப்போன கோப்பையும் சேர்த்து எடுத்துவைத்தாள். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பென் டிரைவில் பொய்யும் தப்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. அன்று முழுக்க அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார், என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பதினொன்றுக்கு அழைத்தவர்கள் பன்னிரண்டே காலுக்குத்தான் உள்ளே விட்டார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த பெண் அதிகாரிக்குத்தான் பேச்சு. கேப்டன் மடிக்கணினியைத் திறந்து பென் டிரைவைச் செருகினார். எந்தக் கோப்பைத் தொடுகிறார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். அவர் தோள் மறைத்தது. மழைக்குள் விமானம் இறங்கியது. பதினொரு சொடுக்கு. மோதி நின்றது. அறுநூறு. இரண்டு கோப்பிலும் அறுநூறுதான் வரும், ஆகவே அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அதிகாரிகள் முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

"முள்ளைப் பார்க்காதீங்க. கீழே ஜன்னலைப் பாருங்க" என்றார் கேப்டன். "நான் தப்பான பக்கம் திருகினேன். பல்சக்கரம் நழுவலை. ஒன்பது வருஷமா உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டு இருந்தேன்."

நடுவில் இருந்த அதிகாரி பேனாவை மூடிவைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, தர்மசங்கடம்தான் இருந்தது. முன்னால் இருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். கருவி நசுங்கிவிட்டது, எந்தப் பக்கமும் ஆதாரம் இல்லை, ஆகவே அந்த வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம் என்று போன வாரமே தீர்மானித்து எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "நீங்க வந்து உக்காந்துட்டுப் போயிருந்தாலே போதும் சார். இப்போ இதை நான் எப்படிப் போடறது?" என்றார்.

கைப்பையால் கேப்டன் தலையில் ஒன்று போட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. ஆறு வாரம். ஒன்பது வருஷம். எல்லாவற்றுக்கும் மேல், கைக்கு வந்தது இப்படியா வாய்க்கு எட்டாமல் போக வேண்டும்? ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று அவரைப் பார்த்தாள்.

"எடுக்க வேண்டாம்மா" என்றார் கேப்டன். "கவனக்குறைவுன்னு இருக்கு, அது இருக்கட்டும். ஆனா மாற்றவில்லைன்னு இருக்கே, அது உண்மை இல்லை. மாற்றினார், தவறான திசையில்னு திருத்திடுங்க. நான் திருகினேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்தவர் தட்டச்சு செய்தார். கேப்டன் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார்.

கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. மூன்று மாடி. அவர் கெட்ட காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, படிப்படியாக இறங்கினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வரி இன்றோடு போயிருக்கும், மனுஷனா நீங்கள், என்னைப் பற்றி ஒரு நிமிஷமாவது நினைத்தீர்களா என்று முதல் படியில் ஆரம்பித்தாள். "தெரியும்" என்றார் அவர். அவளுக்கு அழுகை வந்தது, அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினாள். அவருடைய இன்னொரு கையைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டு, மூன்று மாடியும் திட்டிக்கொண்டே இறங்கினாள்.